கால் படாத இடம்

தோளில் கிடந்த துண்டின் நுனியால் தம்ளரின் வாயை மூடிக்கொண்டு சண்முகக்கனி படி இறங்கினாள். லிப்டில் போகலாம். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த உடம்பு, தையலில் சீழ் வேறு கட்டியிருக்கிறது, யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் லிப்டில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், தம்ளரைப் பார்ப்பார்கள். ஒரு தடவை ஒரு பெரியவர் காப்பியா தாயி, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். எதிர்க் கடையில் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தாய்ப்பாலை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. அன்று சாயங்காலம் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. காய்ச்சல் பாப்பாவுக்கு ஏற்றுகிற மருந்தினால் வருவது, வரும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். சம்பந்தம் கிடையாதுதான். இருந்தாலும் அதற்குப் பிறகு அவள் படியில்தான் இறங்குகிறாள். ஒவ்வொரு படிக்கும் தையல் சுள்ளென்று இழுத்தது. இழுக்கட்டும் என்று நினைத்தாள். தனக்கு வலிக்கிற அளவுக்கு அங்கே பாப்பாவுக்குக் குறையும் என்று ஒரு கணக்கு, யாரிடம் ஒப்பந்தம் போட்டது என்று தெரியாத கணக்கு, உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பால் வெதுவெதுப்பாக இருந்தது, தம்ளரின் பக்கம் வழியாக விரலுக்குத் தெரிந்தது. பாப்பாவுக்கு வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. இருதய ஆபரேசனுக்குக் காத்திருக்கிற பிள்ளை பட்டினியாகத்தான் இருக்க வேண்டும், ரத்தம் சரியாகப் போகாத குடலுக்குள் பால் போனால் குடல் வெந்துவிடும் என்று சிஸ்டர் சாந்தகுமாரி சொல்லியிருந்தாள். வெந்துவிடும் என்கிற சொல் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. சரி, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கொடுக்கலாம் என்றால், தையலுக்கு அவள் ஊசி போட்டுக்கொண்டிருப்பதால் அந்தப் பால் யாருக்கும் ஆகாதாம். கட்டிக்கொள்ளாமல் இருக்கப் பீய்ச்சி எடுத்துக் கீழே ஊற்றிவிட வேண்டியது. முதலில் தாய்மார் அறைத் தொட்டியில்தான் ஊற்றினாள். ஊரிலிருந்து போனில் அதைக் கேட்டதும் மதினி பதறிப்போனாள். சாக்கடையில் ஊற்றினால் பால் வற்றிவிடும், கால் மிதி படாத இடமாகப் பார்த்து ஊற்று என்றாள்.

கால் மிதி படாத இடம். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது. மரத்தடி முழுக்க ஆட்கள் பாய் விரித்துக் கிடந்தார்கள். சுவரோரமெல்லாம் ஆண்கள் ஒதுங்கி நாறிக் கிடந்தது. கடைசியில் பின்பக்கம் ஆக்சிஜன் தொட்டி நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள். வெள்ளையாக, கோயில் தேரின் உயரத்துக்கு ஒரு தொட்டி, சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே வரக் கூடாது என்று சிவப்பெழுத்தில் பலகை. வேலிக்கு உள்பக்கம் யாரும் நடாமல் வளர்ந்த ஒரு அரளி. கம்பி இடைவெளியில் கையை விட்டு அதன் வேர் மூட்டில் ஊற்றிவிடலாம். ரெஜினாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். பக்கத்துப் பாய்க்காரி, தங்கச்சிமடத்துப் பெண், குறைமாதத்தில் பிறந்த மகனை உள்ளே வைத்துவிட்டு அவளுக்கு முன்னாலேயே வந்து கிடப்பவள். நல்ல எடம் புடிச்ச கனி, அந்தத் தொட்டியில இருந்துதான் நம்ம பிள்ளைகளுக்குக் காத்துப் போவுது, ஒன் பால் வாசத்துலயே எல்லாம் தேறிரும் என்றாள். ரெஜினா எதற்கும் சிரிப்பாள். ஏச்சு விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். இங்கே சிஸ்டர்மார் ஏசினால் பிள்ளை தேறுகிறது என்று அர்த்தம், இதை நீ எழுதி வைத்துக்கொள் என்றாள். தலைமுடியை ஏன் விரித்துப்போட்டு வந்தாய், வளையலைக் கழற்றச் சொன்னேனா இல்லையா, யாரைக் கேட்டு மிஷினைத் தொட்டாய், புருசன் எங்கே போய்த் தொலைந்தான் என்று ஒரு பொழுதுக்கு எத்தனை விழுகிறதோ அத்தனைக்கு நல்லது. இன்னைக்கு எனக்கு நாலு ஏச்சு, என் மகன் அம்பது கிராமாச்சும் கூடியிருப்பான் என்று வந்து படுப்பாள். முதலில் அதைக் கேலிப்பேச்சு என்றுதான் சண்முகக்கனி எடுத்துக்கொண்டாள். எதிர்ப் பாயில் கிடந்த போடிக்காரியின் பிள்ளை போன அன்றுதான் அது கேலி இல்லை என்று தெரிந்தது. அன்று காலையிலிருந்தே போடிக்காரியை யாரும் ஏசவில்லை. செல்போனோடு உள்ளே போனாள், கேட்கவில்லை. நேரம் தாண்டி நின்றாள், கேட்கவில்லை. சாந்தகுமாரி அவள் தோளில் கைவைத்து, சாப்பிட்டியாம்மா என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வேலியருகே வந்தவள் நின்றுவிட்டாள். வேலிக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு டாங்கர் லாரி பின்பக்கமாக ஏறி நின்றது, தடித்த குழாயை இழுத்துத் தொட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெண்புகை தரையோடு பரவிற்று. ஆட்கள் பூட்ஸ் காலோடு அங்குமிங்கும் போனார்கள், ஒருவன் அரளி மூட்டிலேயே மிதித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தான். அவள் நேற்று ஊற்றிய இடம். நேற்றையது, முந்தாநாளையது, அதற்கு முந்தியது. இனிமேல் அது கால் படாத இடம் இல்லை. வேறு இடம் தேட வேண்டும், தேடலாம், ஆனால் கால் நகரவில்லை. வெயில் உச்சந்தலையில் அடித்தது. மேலே மூன்றாம் மாடியில் அவள் புருசன் வேல்ச்சாமி, பெரிய டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். உட்காரச் சொல்லியிருப்பார்களா, நிற்க வைத்தே பேசுவார்களா. நிற்க வைத்தால் நல்லது. காலையில் அந்தச் சின்ன டாக்டரம்மா வந்து பாப்பாவின் உச்சிக்குழியில் பசையைத் தடவி, சின்னக் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பெட்டியில் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். இருதயத்தில்தானே கோளாறு, தலையில் என்ன பார்க்கிறார்கள். கேட்கவில்லை. கேட்டால் ஏசுவார்கள் என்று பயந்து கேட்காமலிருந்தாள் என்றுதான் அப்போது நினைத்தாள். இப்போது வெயிலில் நிற்கும்போது வேறு மாதிரித் தோன்றியது. கேட்டு, ஏசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை. டாக்டரம்மா பசையைத் துடைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, அவங்க அப்பாவ வரச் சொல்லுங்க, நீங்க போய் ஏதாச்சும் சாப்டுங்கம்மா என்றாள். சாப்டுங்கம்மா. அந்த அம்மாவில் ஒரு மெத்து இருந்தது. இல்லை, அந்த டாக்டரம்மா எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவாள். ரெஜினாவிடம்கூட அப்படிப் பேசியிருக்கிறாள். பேசியிருக்கிறாளா. ஞாபகப்படுத்திப் பார்த்தாள், வரவில்லை.

பாப்பா பிறந்தபோது என்ன நிறம். அவித்த இறால் மாதிரிச் சிவப்பு. பிரசவ வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். முதல்நாளும் மறுநாளும் பால் குடித்தாள், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. பல் இல்லாத ஈறால் கவ்விக்கொண்டு, நெற்றி வேர்க்க வேர்க்க, நடுநடுவே விட்டுவிட்டு மூச்சு வாங்கிக் குடித்தாள். உழைச்சுக் குடிக்கிறா பாரு, தீப்பெட்டி ஆபீஸ்காரி மகள்ல என்று மதினி சொன்னாள். வேர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தது விரலில் இன்னும் இருக்கிறது. பிறகு காது மடல் கறுக்கத் தொடங்கியது. பிள்ளை பிறந்ததும் எல்லோரும் காதைத்தானே பார்க்கிறார்கள், காது என்ன நிறமோ அதுதான் பிள்ளை நிற்கப்போகிற நிறம். மதினி சட்டையை விலக்கிக் காதையும் நகத்தையும் பார்த்துவிட்டு, அவ்வளவுதாம்ட்டி, வேல்ச்சாமி நெறம் வந்துட்டு, ஒன் செவப்பு ரெண்டே நாள்தான் என்று சிரித்தாள். வேல்ச்சாமி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். பார்க்க வந்தவர்களெல்லாம் காதைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். அது கறுப்பு இல்லை, நீலம். மூச்சில்லாத நீலம். நகக்கண்ணில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது, அவர்கள் சுற்றி உட்கார்ந்து அப்பன் சாயல் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி மாற்று ஷிப்டுக்கு வந்து உதட்டைப் பார்த்து ஓடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆம்புலன்ஸில் மதுரைக்கு வரும் வழியெல்லாம் வேல்ச்சாமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் நிறத்துக்கு அவன் என்ன செய்வான். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இங்கே வந்ததும் பிஜி என்று அந்த மருந்தை ஏற்றினார்கள். நீலம் மெல்ல வாங்கிற்று. காகிதத்தில் படம் போட்டு டாக்டர் விளக்கினார், இருவரும் தலையாட்டினார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இருதயத்துக்கு மேலே ஒரு சின்னக் குழாய் இருக்கும், வெளியே வந்து மூச்சு விட்டதும் அது வேண்டாம், இரண்டொரு நாளில் தானாக மூடிக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு நுரையீரலுக்குப் போகிற வழி அடைப்பு. அந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் ரத்தம் போகிறது. அது மூடினால் முடிந்தது. மூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த மருந்து. ஆபரேசன் வரைக்கும் ஒரு நிமிசம் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு ஊசி குத்த நரம்பு கிடைக்க வேண்டும். கையில் கிடைத்தது, வீங்கிப்போயிற்று. காலில், பிறகு நெற்றியோரம் முடியைச் சிரைத்துவிட்டு. இப்போது வலது கால் கரண்டையில் ஒன்று இருக்கிறது, இதை விட்டால் வேறு இல்லை என்று சாந்தகுமாரி பட்டையை மேலும் மேலும் ஒட்டினாள். ஊசிக்குழாயை ஒரு சின்ன மிஷின் தள்ளுகிறது. அவள் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறாள், நகர்வது தெரியாது. கண்ணை எடுத்துவிட்டு வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும். அந்த மருந்து மூடாமல் வைக்கும், ஆனால் மூச்சு விட மறக்கடித்துவிடும். பாப்பா திடீரென்று மூச்சை மறந்துவிட்டுக் கிடப்பாள், மிஷின் கத்தும், சிஸ்டர் வந்து உள்ளங்காலில் சுண்டுவாள், நினைவு வந்ததுபோல நெஞ்சு ஏறும். தரையில் படாத கால், சுண்டிச் சுண்டிச் சிவந்த கால். முதலில் எப்போதாவது மறந்தாள். நேற்று அடிக்கடி மறந்தாள். டாங்கரின் டிரைவர் கதவில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். தொந்தியும் தொப்பையுமாக, காதில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ வாடகை பேசிக்கொண்டிருந்தான். இவனுக்கும் அந்தக் குழாய் மூடியிருக்கிறது. இவன் கேட்காமலே, இவன் அம்மாவுக்குத் தெரியாமலே, ஏதோ ஒரு நாள் இவன் தூங்கும்போது மூடியிருக்கிறது. வேலிக்குள் நடக்கிறவனுக்கும், மரத்தடியில் கிடக்கிறவர்களுக்கும், அவளுக்கும். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள், பால் கட்டியது மட்டும் தெரிந்தது. எல்லோருக்கும் மூடுவது நல்லது. மூடத் தெரியாத நெஞ்சு யாருக்காவது உண்டா. பாப்பாவின் நெஞ்சுக்கும் மூடத்தான் தெரியும், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்யப் பார்க்கிறது, அதைச் செய்யவிடாமல் ஒரு மிஷின் இரவும் பகலும் தடுத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய டாக்டர் காய்ச்சல் விட்டதும் செய்துவிடலாம் என்றார். காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது. இது மருந்துக் காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் கிருமி என்றார்கள். அது குறையட்டும் என்றார்கள். குறையட்டும் என்றால் குறையும் என்றுதானே அர்த்தம். இன்று என்ன சொல்வார்கள். நாளைக்குச் செய்கிறோம் என்று சொல்லக்கூடும். அதற்காகத்தான் வேல்ச்சாமியைக் கூப்பிட்டிருக்கலாம், கையெழுத்துக்கு. தலையில் பார்த்தது மயக்க மருந்துக்காக இருக்கலாம். இருக்கலாம். இருக்கலாம் என்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பினாள். தம்ளரில் பால் ஆறிவிட்டிருந்தது. மேலே ஆடை மாதிரி ஒன்று படிந்தது. ஊற்ற இடமில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

ஏறும்போதே முடிவு செய்துகொண்டாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போவது. வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அம்மாள் செருப்பு விஷயத்தில் பிசாசு, கலெக்டர் பெண்டாட்டியாக இருந்தாலும் கழற்று என்பாள், போன வாரம் ரெஜினாவின் செருப்பைத் தூக்கி மாடிப்படியில் எறிந்தாள். அவள் ஏசினால் போதும். ஏய், கண்ணு தெரியலயா என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து கழற்றிப்போட்டுவிட்டு, பிறகு எது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் மாடியில் தாய்மார் அறை வாசலில் ரெஜினா நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் சிரிப்பாள் என்று பார்த்தாள். ரெஜினா ஏதோ எடுக்க மறந்ததுபோல உள்ளே திரும்பிப் போனாள். செக்யூரிட்டி அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சண்முகக்கனி செருப்பை வேண்டுமென்றே தரையில் தேய்த்துச் சத்தம் எழுப்பிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் காலைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வேல்ச்சாமி நின்றிருந்தான். ஆண்களை உள்ளே விடவே மாட்டார்கள், இத்தனை நாளில் அவன் கண்ணாடி வழியாகத்தான் பிள்ளையைப் பார்த்திருக்கிறான். இப்போது தொட்டில் பக்கத்தில், பச்சைக் கவுன் கூடப் போடாமல், லோடு வண்டி ஓட்டுகிற அதே காக்கிச் சட்டையோடு நின்று பிள்ளையின் காதைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். சாந்தகுமாரி முந்திக்கொண்டாள். வாம்மா என்றாள். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு பக்கமும், இனி ஆபரேசன் தாங்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டதை, வேல்ச்சாமி சம்மதித்துவிட்டதை, எவ்வளவோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அடுத்த ஊசி இனி மாற்றப்போவதில்லை, ஓடுகிறது ஓடி முடியட்டும், பிறகு நெஞ்சிலிருக்கிற அந்தக் குழாய் தானாக மூடிக்கொள்ளும், வலி இருக்காது. சண்முகக்கனி மிஷினைப் பார்த்தாள். நகரவில்லை. நகராமல் நின்றது. பட்டையெல்லாம் ஒட்டின கால் அசைந்தது. சாந்தகுமாரி அவள் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள்.

"மடியில வச்சுக்கிட்டு, பால் குடும்மா. சொட்டுச் சொட்டா நாக்குல வையி."

"ஊசி போட்ட பாலு சிஸ்டர்."

"பரவால்லம்மா."

அவ்வளவு நாளும் எந்த வார்த்தைக்காகப் பாயில் படுத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தாளோ அந்த வார்த்தைதான். பால் கொடு. எத்தனை தடவை அதை யாராவது சொல்வதாகக் கண்டிருக்கிறாள். சொல்வது ஆபரேசன் முடிந்த பிறகு, நெஞ்சில் கட்டோடு, பிள்ளை பசியில் கத்திக்கொண்டு. குடல் வெந்தாலும் இனிப் பரவாயில்லை, விஷமே ஆனாலும் பரவாயில்லை. பரவாயில்லை என்றால் என்ன என்று அவளுக்கு இப்போது முழுதாகத் தெரிந்தது.

"வேணாம்," என்றாள். "பட்டினியாவே இருக்கட்டும். ஆபரேசனுக்குள்ள பிள்ளை."

வேல்ச்சாமி கனி என்றான். அவள் திரும்பவில்லை. கை கழுவவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவள்போலச் சுவரோரத் தொட்டிக்குப் போனாள். தம்ளரைப் பக்கத்துத் திண்டில் வைத்தாள். முழங்கையால் தட்டினால் திறக்கிற குழாய். முதலில் உள்ளங்கை, பிறகு விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், முழங்கை வரைக்கும் சோப்பு. கழுவாமல் தொட்டால் கிருமி போகும், கிருமி போனால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் ஆபரேசன் தள்ளிப்போகும். சொல்லிக் கொடுத்த வரிசையில் கழுவினாள், முடிந்ததும் திரும்ப உள்ளங்கையிலிருந்து தொடங்கினாள். கழுவிக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்த வரிசை சரியாகவே இருந்தது. மிஷின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பார்க்காமல் இருந்தால் நகர்ந்துவிடும் என்று தெரியும், பார்த்தாலும் நகரும். தண்ணீர் சில்லென்று ஓடியது. தையல் இழுத்தது. விரல் தோல் வெளுத்துச் சுருங்கிற்று, அதற்கு மேலும் தேய்த்தாள். வேல்ச்சாமி அழுகிற சத்தம் கேட்டது, குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாள். உள்ளங்கை, விரலிடுக்கு. பின்னால், சிஸ்டர்மார் உள்ளே போடுகிற செருப்பின் சத்தம் நெருங்கி வந்தது.

"எவ்வளவு நேரம்தான் கழுவுவ? தண்ணி வீணாப் போவுது. பாலத் தொறந்து போட்டிருக்க, ஈ விழுகிறது கூடத் தெரியாம. மூடி எடுத்துக்கிட்டு வா மொதல்ல."

சாந்தகுமாரியின் பழைய குரல். சிஸ்டரின் கண்ணில் நீர் நின்றாலும் குரல் பழைய குரல்தான். சண்முகக்கனியின் உடம்பு அதைக் கேட்டுத் துள்ளிற்று. அவள் புத்தி எட்டிப் பிடிப்பதற்குள் நெஞ்சில் ஒரு வெளிச்சம் அடித்துவிட்டது, ஏசிட்டாங்க, ஏசிட்டாங்க என்று. குழாயை முழங்கையால் தட்டி மூடினாள். ஈரக் கையாலேயே தம்ளரை எடுத்துத் துண்டால் மூடினாள். தப்புச் செய்து பிடிபட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு, மேலும் ஏச்சு விழுவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல, வேகமாகப் பிள்ளையிடம் நடந்தாள்.